கான்-டிக்கியும் எதிர்க்காற்றும்

கையில் எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்க இயலாத நூல்கள் சில உண்டு. நார்வே நாட்டவரான தார் ஹேயர்டால் எழுதிய ‘கான்-டிக்கி’ அவற்றுள் ஒன்று. 1948-ஆம் ஆண்டு நார்வீஜிய மொழியில் வெளிவந்த இந்நூல், பின்னர் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கான வாசகர்களைக் கவர்ந்தது. இப்பயணத்தைப் பற்றிய திரைப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது. மாணவப் பருவத்தில் ஒரே இரவில் இதைப் படித்து முடித்தவர்களில் நானும் ஒருவன். பின்னாளில் ஆசிரியனாகி, ‘சோதனையால் நிறுவப்பட்ட உண்மை’ என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்நூலைப் பல ஆண்டுகள் வகுப்பில் கூறியும் வந்தேன்.

ஒருநாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “சார், ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பெடலை மிதிக்காமலே சைக்கிளில் இறங்கி வந்துவிடலாம். அதனால் மேட்டுப்பாளையத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஊட்டியிலிருந்து வந்தவர்கள் என்று ஆகிவிடுமா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் விடை சொல்ல முடியவில்லை. அந்த மலைநகரில் வாழ்வோரில் பெரும்பாலோர் கீழிருந்து மேலே ஏறிச் சென்றவர்களின் வழிவந்தவர்கள் அன்றோ! சரிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது வேறு. மக்கள் எந்தப் பக்கம் சென்றார்கள் என்பது வேறு. இந்த எளிய வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அப்புகழ்பெற்ற நூலை மறுபடியும் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

நூல் கூறும் கதை

பசிபிக் மாகடலில் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் மூலைகளாகக் கொண்டு ஒரு பெரிய முக்கோணம் வரைவோமானால், அதனுள் அடங்கும் தீவுகளே பாலிநேசியா எனப்படுவன. ஐரோப்பியர் அக்கடலுக்குள் நுழையும் முன்பே அங்கு வாழத்தக்க தீவுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மனிதர் கண்டறிந்திருந்தனர். அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதே வினா.

மேற்கே ஆசியாவின் பக்கமிருந்து வந்தனர் என்று பெரும்பாலான அறிஞர் கூறிவந்தனர். 1937-இல் மார்க்கேசாஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஃபாத்து ஹீவா என்னும் தீவில் வாழ்ந்த ஹேயர்டாலுக்கு இதில் ஐயம் எழுந்தது. அங்கே காற்று ஓயாமல் கிழக்கிலிருந்து வீசியது; அலைகளும் கிழக்கிலிருந்தே வந்தன. அவ்வாறெனில் மனிதரும் கிழக்கிலிருந்து, அதாவது தென் அமெரிக்காவிலிருந்து, வந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பெரு நாட்டவரின் பழைய தெப்பங்கள் அத்தனை தொலைவு தாங்கா என்று வல்லுநர்கள் கூறினர். தாங்கும் என்று காட்ட அவரே புறப்பட்டார்.

ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்த தெப்பத்தில், 1947 ஏப்ரல் 28-ஆம் நாள் ஆறு பேர் பெருவின் கால்யாவோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பினர். இழுவைக் கப்பல் ஒன்று சுமார் 50 மைல் தொலைவு வரை தெப்பத்தை இழுத்துச் சென்று விட்டது. பின்னர் காற்றும் நீரோட்டமுமே அதை மேற்கு நோக்கிக் கொண்டு சென்றன. 101 நாட்களில் ஏறத்தாழ 6,900 கிலோமீட்டர் கடந்து, ஆகஸ்டு 7-ஆம் நாள் துவாமோட்டுத் தீவுகளுள் ஒன்றான ரரோயாவின் பவளப்பாறையில் தெப்பம் மோதியது. அறுவரும் உயிர் தப்பினர்.

கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு ஒன்றரைக் கடல் மைல்தான் வரும். (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.) நிதானமாக நடப்பவனுடைய வேகம்கூட இதைவிட அதிகம். ஆயினும் இரவும் பகலும் நிற்காமல் சென்றதால் உலகின் ஆறில் ஒரு பங்கு சுற்றளவைத் தெப்பம் கடந்துவிட்டது. இந்த அருஞ்செயலை யாரும் மறுக்க முடியாது. நாம் ஆராய வேண்டியது அச்செயலை அன்று. அச்செயலிலிருந்து நூல் பெறும் முடிவை.

வாதத்தின் அடித்தளம்

நூலின் வாதத்தைச் சுருக்கினால் இரண்டு கூற்றுகள் எஞ்சும். முதலாவது: கிழக்கிலிருந்து காற்றோடு வருவது எளிது, ஆகவே மக்கள் கிழக்கிலிருந்து வந்தனர். இரண்டாவது: மேற்கிலிருந்து காற்றை எதிர்த்து வருவது பழங்காலத் தோணிகளால் இயலாது, ஆகவே மக்கள் மேற்கிலிருந்து வந்திருக்க முடியாது.

முதற்கூற்றின் குறையை அந்த மாணவனே காட்டிவிட்டான். இரண்டாவது கூற்று அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதன்று. நிலவும் காற்றுக்கு எதிராக நெடுந்தூரக் கடற்பயணம் செய்வது உண்மையிலேயே கடினம். எவ்வளவு கடினம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் ஹேயர்டால் எந்த இடம் வரை சரி, எந்த இடத்தில் வழுவினார் என்பது விளங்கும்.

எதிர்க்காற்றின் கணக்கு

நிலநடுக்கோட்டுப் பகுதியில் வெயிலால் சூடேறிய காற்று மேலெழுகிறது. அதன் இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று வருகிறது. புவியின் சுழற்சியால் அது திசை மாறி, வட கோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென் கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. இவையே நாம் பள்ளியில் படித்த வியாபாரக் காற்றுகள். சமோவாவிலிருந்து டாஹிட்டிக்குக் கிழக்கு நோக்கிச் செல்ல விரும்புபவனின் முகத்தில் அறைவது இந்தத் தென்கிழக்குக் காற்றே.

எந்தப் பாய்மரக் கலமும் காற்றின் முகத்துக்கு நேராகச் செல்ல முடியாது. ஆனால் காற்றுக்குச் சாய்வான திசையில் செல்ல முடியும். வளைந்த பாயின் மீது காற்று ஓடும்போது, விமானத்தின் இறக்கையில் நிகழ்வதைப் போலவே, ஒரு பக்கம் அழுத்தம் குறைந்து பாய் இழுக்கப்படுகிறது. இந்த இழுவையின் பக்கவாட்டுப் பகுதியைக் கலத்தின் அடிப்புறம் நீரில் தடுத்து நிறுத்துகிறது. முன்னோக்கிய பகுதி கலத்தைச் செலுத்துகிறது. இவ்வாறு சிறிது தூரம் வலப்புறம் சாய்ந்தும், பிறகு சிறிது தூரம் இடப்புறம் சாய்ந்தும், மலைப்பாதையின் வளைவுகளில் ஏறுவதுபோலக் குறுக்கும் மறுக்குமாகச் சென்று, காற்று வரும் திசையில் முன்னேறலாம்.

எவ்வளவு நெருக்கமாகச் சாய முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆழமான அடிப்பலகை கொண்ட இக்காலப் பந்தயப் படகு காற்றின் திசைக்குச் சுமார் 45 பாகை வரை நெருங்கும். அடிப்பலகை இல்லாத பாலிநேசிய இரட்டைத் தோணியோ பக்கவாட்டில் வழுக்கிவிடுவதால், சுமார் 75 பாகைக்கு மேல் நெருங்குவது அரிது. இங்கு முக்கோணவியல் நமக்கு உதவுகிறது. 75 பாகையின் கொசைன் மதிப்பு 0.26. அதாவது தோணி 100 மைல் ஓடினால், காற்றின் முகத்தை நோக்கி 26 மைல்தான் முன்னேறும். ஒரு மைல் முன்னேற ஏறக்குறைய நான்கு மைல் ஓட வேண்டும்.

தோணியின் வேகம் மணிக்கு 5 கடல் மைல் என்று கொள்வோம். காற்றுக்கெதிரான முன்னேற்றம் மணிக்கு 1.3 கடல் மைல். ஆனால் அதே காற்றினால் நீரும் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தை மணிக்கு 0.7 கடல் மைல் என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது 0.6. ஒரு நாளைக்கு 14 கடல் மைல் சொச்சம். சமோவாவிலிருந்து டாஹிட்டி சுமார் 1,300 கடல் மைல். ஆக, 90 நாட்கள்!

பதினைந்து பேர் செல்கிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் என்றால் 2,700 லிட்டர் வேண்டும். அதன் எடை மட்டுமே 2.7 டன். இவற்றோடு உணவும், நடுவதற்கான கிழங்குகளும் கன்றுகளும், பன்றியும் கோழியும். சுமை ஏற ஏறத் தோணி தாழும். தாழத் தாழ வேகம் குறையும். இந்தப் பயணத்தை எந்த அறிவுள்ள மாலுமியும் மேற்கொள்ள மாட்டான்.

எனவே, எதிர்க்காற்றில் நேரடியாக மோதிக்கொண்டு பாலிநேசியாவில் குடியேறியிருக்க முடியாது என்று ஹேயர்டால் கருதியது பெரும்பாலும் சரியே. அவர் தவறியது எங்கே? ‘நிலவும் காற்று’ என்பதை ‘என்றும் மாறாத காற்று’ என்று கொண்டதிலேதான்.

காத்திருப்பவனின் காற்று

நம் நாட்டுக் கடலோரத்தில் வாழ்வோர்க்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. வாடைக்கு ஒரு காலம், கோடைக்கு ஒரு காலம். இந்துமாக்கடலில் பாய்மரக் கப்பலோட்டிய வணிகர் அனைவரும் பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்து கப்பலை விட்டனர். அவர்கள் எதிர்க்காற்றை வெல்லவில்லை. அதற்கு விலகி நின்றார்கள்.

பசிபிக் கடலில் காற்று இவ்வளவு ஒழுங்காகத் திரும்புவதில்லை. ஆயினும் திரும்பாமலும் இல்லை. தென் கோளத்தின் கோடையாகிய நவம்பர் முதல் பல வாரங்களுக்கு, வியாபாரக் காற்று அவ்வப்போது தளர்ந்து, மழையோடு கூடிய மேல்காற்று சில நாட்கள் வீசும். குளிர்காலத்திலும் தெற்கே தாழ்வழுத்தங்கள் கடந்து செல்கையில் காற்று சுழன்று மேற்கிலிருந்து வீசுவதுண்டு. எல்-நினோ எனப்படும் நிலை தோன்றும் ஆண்டுகளில் வியாபாரக் காற்று பெரிதும் வலுவிழந்து, மேல்காற்று இன்னும் தொலைவாகக் கிழக்கே பரவுகிறது. இந்த எல்-நினோ ஆண்டுகள் குடியேற்றத்துக்குத் துணைபுரிந்திருக்கலாம் என்று மானிடவியலார் பென் ஃபின்னி 1985-இல் விளக்கினார்.

இது ஏதோ அண்மைக்கால ஆய்வாளர் கண்டுபிடித்த இரகசியமன்று. 1769-இல் ஆங்கிலக் கப்பல்தலைவர் குக், ராயாட்டியா தீவைச் சேர்ந்த துப்பையா என்னும் கடலோடியைத் தம் கப்பலில் அழைத்துச் சென்றார். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேல்காற்று வருமென்றும், கிழக்கே செல்ல விரும்புவோர் அதைப் பயன்படுத்திக்கொள்வர் என்றும் துப்பையா கூறியதைக் குக் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கான்-டிக்கி கிளம்புவதற்கு 178 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுத்தில் இருந்தது. தீவுவாசி ஒருவனின் சொல் என்பதால்தானோ, அது போதிய மதிப்புப் பெறவில்லை!

மேல்காற்று கிடைத்துவிட்டால் கணக்கு அடியோடு மாறுகிறது. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் நாளொன்றுக்கு 120 கடல் மைல். டாஹிட்டி 90 நாள் தொலைவிலிருந்து 11 நாள் தொலைவுக்கு வந்துவிடுகிறது. மேல்காற்று அத்தனை நாள் நீடிக்காது என்பது மெய்தான். அதற்கும் வழியுண்டு. பயணத்தைத் தவணைகளாகப் பிரித்து, ஒரு தீவு வரை சென்று தங்கி, அடுத்த மேல்காற்றுக்குக் காத்திருப்பதே அவ்வழி. ஆக, எதிர்க்காற்றுப் பயணத் திட்டத்தில் முதலிடம் பெறுவது பாயுமன்று, துடுப்புமன்று; பொறுமை.

எதிர்த்திசையே பாதுகாப்பான திசை

இதைவிட வியப்பான செய்தி ஒன்றை நியூசிலாந்து ஆய்வாளர் ஜெஃப்ரி இர்வின் எடுத்துக்காட்டினார். 1992-இல் வெளிவந்த தம் நூலில் அவர், அறியாத கடலில் நிலம் தேடுபவனுக்கு நிலவும் காற்றுக்கு எதிரான திசையே மிகப் பாதுகாப்பான திசை என்று வாதிட்டார். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். நமது கணக்கையே கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

இரண்டு மாலுமிகள் நிலம் தேடிக் கிளம்புகிறார்கள். முதல்வன் மேல்காற்று வந்தபோது ஐந்து நாள் கிழக்கே 600 கடல் மைல் செல்கிறான். நிலம் தென்படவில்லை. மேல்காற்று ஓய்கிறது, வழக்கமான கீழ்க்காற்று திரும்புகிறது. அக்காற்றே அவனை ஐந்து நாளில் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டாமவன் வழக்கமான காற்றோடு மேற்கே அதே 600 கடல் மைல் செல்கிறான். நிலம் இல்லை. இப்போது அவன் வீடு திரும்ப, நாளொன்றுக்கு 14 கடல் மைல் வீதம் நாற்பது நாட்களுக்கு மேலாகும். தண்ணீர் எத்தனை நாளைக்கு இருக்கிறது?

முதல்வனுக்கு நிலவும் காற்று தடையன்று. அது திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு. இரண்டாமவனுக்கு அதே காற்று மூடிய கதவு. ஹேயர்டால் காற்றைக் கண்டு ‘போகும் வழி’ என்று நினைத்தார். கடலில் வாழ்ந்த மக்களோ அதை ‘வரும் வழி’ என்று எண்ணியிருக்க வேண்டும். மனைவி மக்களை வீட்டில் விட்டுச் செல்பவன் முதலில் திரும்பும் வழியைத்தானே எண்ணுவான்!

இந்தக் கண்ணோட்டத்தில் கான்-டிக்கி பயணத்தைப் பார்த்தால், அது ஒருவழிப் பயணம் என்பது பளிச்செனத் தெரியும். புக்கா-புக்கா என்னும் தீவு கண்ணுக்குத் தெரிந்தும் தெப்பத்தை அங்கே செலுத்த முடியவில்லை. அங்காட்டாவு தீவில் மக்கள் தோணியில் வந்து உதவியும் கரை சேர முடியவில்லை. இறுதியில் ரரோயாவில் பாறைதான் தெப்பத்தை நிறுத்தியது. மேலும், அந்த அறுவரிடம் வானொலிக் கருவியும் கடல் வரைபடமும் இருந்தன. மேற்கே தீவுகள் உள்ளன என்பது அவர்களுக்குத் தெரியும். பழங்காலத்தவனுக்கு அது தெரியாது.

இங்கு இன்னொரு முரணையும் குறிப்பிட வேண்டும். பழைய பெருவியத் தெப்பங்களில் மரங்களின் இடையே செருகி ஏற்றி இறக்கக்கூடிய ‘குவாரா’ என்னும் பலகைகள் இருந்தன. 1953-இல் ஈக்குவடார் கடற்கரையில் ஹேயர்டாலும் நண்பர்களும் இவற்றைச் சோதித்தபோது, தெப்பமும் காற்றை எதிர்த்துச் சாய்ந்து செல்லும் என்பது தெரியவந்தது. இது அவருக்குப் பெருமை தரும் கண்டுபிடிப்பே. ஆனால் தெப்பமே எதிர்க்காற்றில் செல்லுமெனில், ‘மக்கள் காற்றோடுதான் சென்றிருக்க வேண்டும்’ என்ற தூண் சாய்ந்துவிடுகிறதல்லவா?

கடலில் நடந்த மறுசோதனை

ஹேயர்டாலின் கூற்றோடு மற்றொரு கூற்றும் அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. தீவுவாசிகள் நெடுந்தூரம் திட்டமிட்டுச் செல்லும் திறனற்றவர்கள். புயலில் அடித்துச் செல்லப்பட்டே தீவுகளை அடைந்தனர் என்று ஆண்ட்ரூ ஷார்ப் 1956-இல் எழுதினார். 1973-இல் லெவிசன், வார்டு, வெப் என்னும் மூவர், காற்று, நீரோட்டப் புள்ளிவிவரங்களைக் கணிப்பொறிக்குள் செலுத்தி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்பனை மிதவைப் பயணங்களை ஓட்டிப் பார்த்தனர். வெறுமனே மிதந்து சென்று ஹவாயையோ நியூசிலாந்தையோ ஈஸ்டர் தீவையோ அடைவது நடவாத காரியம் என்பது அதில் வெளிப்பட்டது. யாரோ திசை பார்த்துச் செலுத்தியிருக்க வேண்டும்.

கடலிலும் சோதனை நடந்தது. 1975-இல் ஹவாயில் சுமார் 19 மீட்டர் நீளமுள்ள இரட்டைத் தோணி ஒன்று கட்டப்பட்டது. அதன் பெயர் ஹோக்குலேயா. ஹவாயின் தலைக்கு மேல் செல்லும் சுவாதி விண்மீனின் பெயர் அது. 1976 மே 1-ஆம் நாள் அது டாஹிட்டிக்குக் கிளம்பியது. திசைகாட்டியும் கடிகாரமும் இல்லாமல், விண்மீன்களையும் அலைகளையும் கொண்டு வழிகாட்டியவர் மைக்ரோனேசியாவின் சத்தவல் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக்.

அப்பயணத் திட்டம் நாம் கவனிக்கத்தக்கது. டாஹிட்டி ஹவாய்க்குத் தெற்கே மட்டுமன்று, சற்றுக் கிழக்கேயும் உள்ளது. ஆகவே நேர்கோட்டில் சென்றால் காற்றும் நீரோட்டமும் கலத்தை மேற்கே ஒதுக்கிவிடும். பிறகு கிழக்கே மீள்வது பெரும்பாடு. அதனால் தொடக்கம் முதலே காற்றை நெருக்கிப் பிடித்துக் கிழக்குப் பக்கமாக விலகிச் சென்றனர். குறிவைத்த இடம் டாஹிட்டி என்னும் சிறு புள்ளியன்று. அதற்கு வடகிழக்கே வலைபோல் விரிந்து கிடக்கும் துவாமோட்டுத் தீவுகள். அவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால் போதும். மாலையில் கரைக்குத் திரும்பும் ஆலாப் பறவைகள் சுமார் 20 மைல் தொலைவிலேயே நிலத்தைக் காட்டிக்கொடுக்கும். அவ்வாறே மட்டாய்வா என்னும் தீவைக் கண்டு, அங்கிருந்து ஜூன் 4-ஆம் நாள் டாஹிட்டியை அடைந்தனர்.

1986-இல் இதைவிடக் கடுமையான தேர்வு நடந்தது. சமோவாவிலிருந்து கிழக்கே டாஹிட்டிக்கு, அதாவது ‘இயலாது’ என்று கூறப்பட்ட அதே திசையில், நைநோவா தாம்சன் வழிகாட்ட ஹோக்குலேயா சென்றது. அவர்கள் காற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை. கரையில் காத்திருந்து, மேல்காற்று வந்தபோது கிளம்பி, குக் தீவுகளில் தங்கி, மறுபடி காத்திருந்து டாஹிட்டியை அடைந்தனர். துப்பையா கூறியது மெய்யாயிற்று. 1999-இல் அதே தோணி மங்கரேவா தீவிலிருந்து கிழக்கே ஈஸ்டர் தீவையும் பதினேழு நாளில் சென்றடைந்தது.

இங்கே வாசகர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்கலாம். “கான்-டிக்கி பயணம் வரலாற்றை நிறுவாது என்றால், ஹோக்குலேயா பயணம் மட்டும் எப்படி நிறுவும்?” நிறுவாதுதான். ஹோக்குலேயா இக்காலப் பொருள்களால் கட்டப்பட்ட தோணி; அதுவும் ஒரு சோதனையே. ஆனால் இரண்டு சோதனைகளும் விடை தேடிய வினாக்கள் வெவ்வேறு. ‘இயலாது’ என்னும் கூற்றை உடைக்க ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். ‘இப்படித்தான் நடந்தது’ என்னும் கூற்றை நிறுவ ஒரு எடுத்துக்காட்டு போதாது. பால்சாத் தெப்பம் மூழ்கிவிடும் என்ற கூற்றைக் கான்-டிக்கி உடைத்தது. அது முழு வெற்றி. எதிர்க்காற்றில் கிழக்கே செல்ல இயலாது என்ற கூற்றை ஹோக்குலேயா உடைத்தது, அதுவும் வெற்றி. உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கடல் சொல்லாது. மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

மண்ணும் குருதியும் கூறும் சான்று

மண் தெளிவாகவே பேசுகிறது. லப்பீட்டா எனப்படும், புள்ளிக்கோலம் இட்டதுபோன்ற அழகிய மட்பாண்டங்கள் நியூகினிக்கு அருகேயுள்ள தீவுகளில் சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சில நூற்றாண்டுகளில் டோங்கா, சமோவா வரை பரவின. கிழக்குப் பாலிநேசியத் தீவுகளில் மனிதர் காலடி வைத்தது அதற்கு வெகு காலத்துக்குப் பின், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஈஸ்டர் தீவில் கி.பி. 1200-ஐ ஒட்டியே குடியேற்றம் நிகழ்ந்தது. பெருவிலிருந்து மக்கள் வந்திருந்தால், பெருவுக்கு மிக அருகிலுள்ள ஈஸ்டர் தீவு மிகப் பழமையானதாக இருக்க வேண்டும். நிலைமையோ நேர்மாறு. மேற்கே பழமை, கிழக்கே செல்லச் செல்லப் புதுமை.

மொழியும் இதையே கூறும். ஐந்து என்பதைக் குறிக்கும் ‘லிமா’ என்னும் சொல் மலாய் மொழியிலும் உண்டு, சமோவ மொழியிலும் உண்டு. பன்றி, நாய், கோழி, சேப்பங்கிழங்கு, வாழை ஆகியன மேற்கிலிருந்து வந்தவை. 2016-இல் வனுவாட்டு, டோங்கா ஆகிய இடங்களின் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுக்களும் அம்மக்களைத் தைவான், பிலிப்பைன்ஸ் பகுதிகளோடு இணைத்தன.

ஆனால் ஹேயர்டாலுக்கும் ஒரு பங்கு நீதி வழங்கியாக வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு அமெரிக்காவில் தோன்றிய பயிர். ஐரோப்பியர் வருமுன்பே அது பாலிநேசியாவில் பயிராகிக் கொண்டிருந்தது. ஏதோ ஒரு தொடர்பு இருந்திருக்க வேண்டும். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 17 தீவுகளைச் சேர்ந்தோர் உள்ளிட்ட 807 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து, கி.பி. 1200-ஐ ஒட்டிப் பாலிநேசியரும் தென் அமெரிக்கப் பழங்குடியினரும் கலந்ததைக் காட்டியது. அந்தப் பழங்குடியினர் இன்றைய கொலம்பியாப் பகுதியினரோடு நெருக்கமானவர்கள். 2024-இல் ஈஸ்டர் தீவின் பழைய எலும்புகள் பதினைந்தை ஆராய்ந்தபோதும் சுமார் பத்தில் ஒரு பங்கு அமெரிக்க மரபு தென்பட்டது. அமெரிக்கர் தெப்பத்தில் வந்தனரா, பாலிநேசியர் கிழக்கே சென்று திரும்பினரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதிர்க்காற்றில் சென்று, நிலவும் காற்றோடு வீடு திரும்பும் கலையில் தேர்ந்தவர்கள் யார் என்பதை மேலே கண்டோம். ஆக, தொடர்பு உண்டென்று ஹேயர்டால் கூறியது மெய். தோற்றமே அங்குதான் என்று கூறியது பிழை.

நூலை எவ்வாறு படிப்பது?

இந்நூலின் கடற்பகுதிகள் இன்றும் படிக்கத்தக்கவை. பறக்கும் மீன்கள் தெப்பத்தில் விழுவதும், திமிங்கிலச் சுறா அருகே நீந்துவதும், இரவில் கடல் ஒளிர்வதும் நேரில் கண்டவரின் எழுத்து. துணிவும் நகைச்சுவையும் நிறைந்த எழுத்து. சொன்னதைச் செய்து காட்டப் புறப்பட்ட நேர்மையையும் பாராட்ட வேண்டும்.

ஆனால் இரு குறைகளை மன்னிப்பதற்கில்லை. ஒன்று, பயணத்தின் வெற்றியை வாதத்தின் வெற்றியாக வாசகன் எண்ணிக்கொள்ளும்படி நூல் அமைந்திருப்பது. கரை தெரிந்ததும் நாம் கைதட்டுகிறோம். அக்கைதட்டல் ஒலியில் கேட்க வேண்டிய கேள்வி அமுங்கிவிடுகிறது. மற்றொன்று இன்னும் கடுமையானது. தாடி வைத்த வெள்ளை நிறத்தவர் சிலரே தலைமையேற்று நாகரிகத்தைக் கொண்டுவந்தனர் என்று பழங்கதைகளைக் காட்டி நூல் கூறுகிறது. தீவுவாசிகளின் கண் முன்னே, அவர்களுடைய முன்னோர் செய்த அருஞ்செயலை எடுத்து வேறொருவர் கணக்கில் எழுதுவது இது. உலகின் மிகப் பெரிய மாகடலைக் கணக்கிட்டு, காத்திருந்து, கடந்தவர்களை, காற்று தள்ளியதால் போய்ச் சேர்ந்த மிதவைகள் ஆக்கிவிடுகிறது அக்கூற்று. 1976-இல் ஹோக்குலேயா பாப்பியேட்டே துறைக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான மக்கள் கரையில் திரண்டது ஏனென்று இப்போது விளங்கும். அவர்கள் வரவேற்றது ஒரு தோணியை மட்டுமன்று. திரும்பக் கிடைத்த தம் வரலாற்றை.

மாணவர்கள் கான்-டிக்கியைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்றே நான் இன்றும் கூறுகிறேன். படித்து முடித்ததும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள்: இப்பயணம் எதை ‘இயலும்’ என்று காட்டியது? எதை ‘நடந்தது’ என்று காட்டியது? முதல் வரி எளிதில் நிரம்பும். இரண்டாவது வரி வெறுமையாகவே நின்றால், நூலைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

சைக்கிளைப் பற்றிக் கேட்ட அந்த மாணவனுக்கு அன்று நான் தராத மதிப்பெண்ணை இன்று இக்கட்டுரை வழியே தந்துவிடுகிறேன்.